ரத்த வாந்தி எடுக்கும் குழந்தை: அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தால், ஓதிய தண்ணீருக்காகக் குழந்தைகளோடு நிற்கும் தாய்மார்களை நம் தஞ்சைப் பகுதிப் பள்ளிவாசல்களில் பார்க்கலாம். ஓதிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் நன்றாக ஓடியாடிய பிள்ளை திடீரென ரத்த வாந்தி எடுத்தாலோ, தார் போலக் கறுப்பாக மலம் கழித்தாலோ, முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனைதான். அந்த நேரத்தில் வாய்வழியாக எதையும் கொடுக்காதீர்கள், ஓதிய தண்ணீரைக்கூட. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

"உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் புடைத்திருக்கின்றன, கல்லீரலுக்குப் போகும் நாளத்தில் அடைப்பு" என்று மருத்துவர் சொன்னதும், "எங்கள் வீட்டில் குடிப்பழக்கமே இல்லையே!" என்று பெற்றோர் திகைப்பார்கள். சிலர் வெளியே சொல்லவும் கூச்சப்படுவார்கள். இதற்கும் குடிக்கும் சம்பந்தமே இல்லை. இந்தியக் குழந்தைகளுக்கு இப்படி ரத்தம் கசிய முக்கியக் காரணம், போர்ட்டல் நாளம் கல்லீரலுக்கு வெளியிலேயே அடைபடுவதுதான். பெரும்பாலும் கல்லீரல் நன்றாகவே இருக்கும். பிறந்த புதிதில் தொப்புளில் ஏற்பட்ட தொற்று சிலருக்குக் காரணமாகிறது. பலருக்குக் காரணம் தெரிவதே இல்லை.

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் நாளம் வழியாகத்தான் கல்லீரலுக்குப் போகிறது. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் பக்கத்துக் கன்னிகளில் ஏறி, பலவீனமான கரையை உடைக்கும் அல்லவா? அதுபோல, உணவுக்குழாயின் மெல்லிய நாளங்களில் ரத்தம் ஏறி, அவை புடைத்து வெடிக்கின்றன. மண்ணீரலும் வீங்குகிறது.

முதலில் எண்டோஸ்கோப்பி மூலம் புடைத்த நாளங்களுக்கு ரப்பர் வளையம் போடுவார்கள். பல பிள்ளைகளுக்கு இதிலேயே ரத்தக் கசிவு அடங்கிவிடும். அதன் பிறகும் ரத்தம் கசிந்தாலோ, மண்ணீரல் பெரிதாகித் தொல்லை கொடுத்தாலோ அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மண்ணீரல் நாளத்தை இடது சிறுநீரக நாளத்தோடு இணைத்து, ரத்தத்துக்கு வடிகால் வெட்டிவிடுவது ஒரு முறை. இதில் சில சமயம் மண்ணீரலை எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்தால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கான தடுப்பூசி அவசியம். அடைப்பைத் தாண்டி ரத்தத்தைக் கல்லீரலுக்கே கொண்டுசேர்க்கும் 'ரெக்ஸ் ஷண்ட்' என்ற முறையும் உண்டு.

"பெண் பிள்ளை, வயிற்றில் தழும்பு இருந்தால் நாளை நிக்காஹ் பேசும்போது என்ன சொல்வது?" என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். அவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். டெல்லி எய்ம்ஸில் 1976 முதல் 1992 வரை 160 குழந்தைகளுக்கு இந்த வடிகால் அறுவை செய்யப்பட்டது. ரத்தம் நிற்காமல் அவசரமாகச் செய்தவை 20. அதில் 2 குழந்தைகள் இறந்தன. முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்தவை 140. அதில் இறந்தது 1 குழந்தை. 17 பேருக்கு மட்டுமே மீண்டும் ரத்தம் கசிந்தது. மருத்துவர் அறுவை வேண்டும் என்ற பிறகு, பதற்றத்தில் செய்வதைவிட நாள் குறித்துச் செய்வதே பாதுகாப்பு.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான அறுவை வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காய்ச்சல், வலி என்று ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவை ரத்தக் கசிவைத் தூண்டும்.

மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. துஆவும் கேட்போம், குறித்த நாளில் பிள்ளையை அறுவைக்கும் அழைத்துச் செல்வோம்.