நகரசபை கலைக்கப்படும்போது

உத்தியோகத்தின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறியிருக்கும் நம்மவர்கள், தாம் வாழும் நகரத்தின் நகரசபையைப் பற்றி அதிகம் எண்ணுவதில்லை. குழாயில் தண்ணீர் நின்றால்தான் அதன் நினைவு வருகிறது. அந்தச் சபையையே சர்க்கார் ஒரு நாள் கலைத்துவிட்டால் என்ன ஆகும்? அங்கத்தினர்கள் நீதிமன்றத்தை நாடலாமா? நாடினால் பயன் உண்டா? இவற்றை இன்று சுருக்கமாகப் பார்ப்போம்.

ஸ்தல ஸ்தாபனங்களைப் படைப்பது மாநிலச் சட்டம். சபை கடமையில் தவறினாலும் அதிகாரத்தை மீறினாலும் அதை அகற்றும் உரிமையையும் அதே சட்டம் சர்க்காருக்கு அளிக்கிறது. சர்க்கார் உத்தரவுகளை மொழிபெயர்ப்பது என் தொழில். அவற்றில் ஒன்றுபோல் தோன்றும் இரு சொற்கள் வரும். கலைப்பு என்றால் சபை முடிந்தது, புதுத் தேர்தல் வரவேண்டும். ஒதுக்கிவைப்பு என்றால், குறித்த காலம்வரை சபையின் அதிகாரம் முழுவதும் தனி அதிகாரி ஒருவர் கைக்குப் போய்விடும். வரி வசூலும் நடக்கும், விளக்கும் எரியும். கேள்வி கேட்கப் பிரதிநிதி மட்டும் இருக்கமாட்டார்.

அந்தக் காலம் எவ்வளவு நீளும்? கல்கத்தா மாநகராட்சி 1948-இல் ஒதுக்கப்பட்டது. மறுபடி 1972-இல் ஒதுக்கப்பட்டபின் 1985-இல்தான் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் திரும்பிற்று. சென்னை மாநகராட்சி மன்றம், மஸ்டர் ரோல் ஊழலை ஒட்டி 1973-இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல். முறைகேட்டுக்காகப் பிறந்த உத்தரவு, 23 ஆண்டுகள் வாக்காளருக்கே தண்டனையாயிற்று.

இத்தகைய உத்தரவை எதிர்ப்போர், அரசியல் சட்டத்தின் 226-ஆவது ஷரத்தின்படி ஹைகோர்ட்டில் ரிட் மனு தாக்கல் செய்வார்கள். சபை நன்றாக வேலை செய்ததா என்று நீதிபதிகள் மதிப்பெண் இடுவதில்லை. சட்டம் விதித்த நிபந்தனைகள் இருந்தனவா, காரணம் காட்டப்பட்டதா, எதிர்த்தரப்பைக் கேட்டார்களா என்பவற்றையே பார்ப்பார்கள்.

கடைசிக் கேள்வியில்தான் சட்டம் வெகுதூரம் நடந்து வந்திருக்கிறது. அந்நாளில் மத்தியப் பிரதேசத்தில் இருந்த தம்தரி நகரசபைக்கு, 18 மாதங்களுக்கு மிகாத காலத்துக்கு ஒரு நிர்வாக அதிகாரியைச் சர்க்கார் நியமித்தது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. இது வெறும் நிர்வாக நடவடிக்கையே என்று 1958-இல் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். நகரசபைத் தரப்பு தோற்றது.

22 ஆண்டுகள் கழிந்து, 1980 பிப்ரவரியில், புது டில்லி முனிசிபல் கமிட்டியை லெப்டினன்ட் கவர்னர் ஜக்மோகன் ஒதுக்கிவைத்தார். குற்றச்சாட்டுகள் பற்றிக் கடிதப் போக்குவரத்து முன்பே இருந்தது; ஆனால் இவற்றுக்காக உங்களை நீக்கப்போகிறோம் என்ற நோட்டீஸ் கமிட்டிக்குத் தரப்படவில்லை. கேட்டிருந்தாலும் முடிவு மாறியிராது என்று வாதிடப்பட்டது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. வாய்ப்பு அளிக்காததே ஒரு தீங்கு. வேறு தீங்கு நேர்ந்ததென்று தனியே நிரூபிக்க வேண்டியதில்லை என்றது. அந்தக் கமிட்டியின் அங்கத்தினர்கள் நியமனம் பெற்றவர்கள். அவர்களுக்கே இவ்வுரிமை உண்டெனில், மக்கள் வாக்களித்து அனுப்பியவர்களுக்கு எவ்வளவு உண்டு!

ஆயினும் தேதிகளைக் கவனியுங்கள். தீர்ப்பு வந்தது செப்டம்பர் 18. கமிட்டியின் பதவிக்காலமோ அக்டோபர் தொடக்கத்தில் முடிய இருந்தது. வழக்கில் வென்றும் நாற்காலியில் அமர நாள் இல்லை. இத்தகைய வழக்குகளில் பெரிய எதிரி காலமே.

அந்தக் காலத்துக்கு வரம்பு கட்டியது 1993 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். நகரசபையின் ஆயுள் ஐந்து ஆண்டு. கலைக்குமுன் அதன் விளக்கத்தைக் கேட்க நியாயமான வாய்ப்பளிக்க வேண்டும். கலைத்த ஆறு மாதங்களுக்குள் தேர்தலை முடிக்க வேண்டும். எஞ்சிய பதவிக்காலம் ஆறு மாதத்துக்கும் குறைவானால் மட்டும் இடைத் தேர்தல் அவசியமில்லை. பஞ்சாயத்துகளுக்கும் இதே ஆறு மாத வரம்பு உண்டு.

கலைக்காமலே, ஆயுள் முடிந்தபின் தேர்தலைத் தள்ளிப்போடும் வழியொன்று எஞ்சியது. ஆமதாபாத் மாநகராட்சி வழக்கில், தேர்தலை உரிய காலத்தில் நடத்துவது அரசியல் சட்டக் கடமை என்று 2006-இல் சுப்ரீம் கோர்ட் விளக்கிற்று. அப்படியிருந்தும் 2020-இல் பெங்களூரிலும் 2022-இல் மும்பையிலும் மன்றங்களின் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளே ஆண்டனர். மகாராஷ்டிரத்தில் நான்கு மாதத்தில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களை முடிக்கும்படி 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே, உங்கள் நகரசபை கலைந்ததென்று பத்திரிகையில் கண்டால் மூன்றைப் பாருங்கள்: உத்தரவில் காரணம் சொல்லியிருக்கிறதா, சபையைக் கேட்டார்களா, ஆறு மாதம் எந்தத் தேதியில் முடிகிறது. அதற்குமுன், உங்கள் பெயர் வார்டு வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பட்டியல் நீங்கள் குடியிருக்கும் இடத்தைத்தான் கேட்கிறது. தாய்மொழியையோ பிறந்த ஊரையோ கேட்பதில்லை. நாம் தண்ணீர் குடிக்கும் ஊரின் நகரசபை, நம்முடைய நகரசபையும்தான்.