மஞ்சள் தோண்டும் யந்திரமும் பார் இடைவெளியும்

ஈரோடு வட்டாரத்து மஞ்சள் விவசாயிகளுக்குத் தை, மாசி, பங்குனி மூன்றும் கவலை மிகுந்த மாதங்களாகும். எட்டு, ஒன்பது மாதம் காத்த பயிரைத் தோண்டி எடுத்துத் தாமதமின்றி வேக வைத்தாக வேண்டும், ஆட்களோ போதவில்லை. ஆகவே, டிராக்டரில் பூட்டித் தோண்டும் யந்திரத்தை அங்கத்தினர் பலரும் நாடுகின்றனர். யந்திரம் கிழங்கை நறுக்கிவிடுகிறது என்ற குறையும் உடன் எழுகிறது.

இதனை நேரில் அறியச் சென்ற மாசியில் நாம் ஒரு தோட்டத்திற்குச் சென்றோம். கொத்துக்கள் பல வெட்டுண்டு கிடந்தன. சில இடங்களில் சக்கரம் பாரின்மேல் ஏறிக் கிழங்கை நசுக்கியிருந்தது. அடுத்த தோட்டத்திலும் அதே யந்திரம், அதே ஓட்டுநர், சேதமோ சொற்பம். அங்கே கயிறு பிடித்து, சக்கரங்களின் அகலத்திற்கு ஏற்பப் பார்கள் ஒரே சீராக அமைக்கப்பட்டிருந்தன. முன்னதில் கண்ணளவாகவே பார் பிடித்திருந்தனர்.

பாவின் இழைக்குப் பொருந்தாத அச்சைப் பூட்டியபின், எத்துணை நிதானமாக நெய்தும் பயனில்லை என்பதை நம் நெசவாளர் அறிவர். மஞ்சளிலும் அவ்வாறே, மாசியில் காணும் சேதம் வைகாசி, ஆனி நடவிலேயே தொடங்கிவிடுகிறது.

காயத்தின் தீமை அன்றோடு நிற்பதில்லை. துண்டுபட்ட கிழங்கு நல்ல விரலி மஞ்சளின் விலையைப் பெறாது. காயம்பட்ட விதைக் கிழங்கில் பூசணம் புகுந்து சேமிப்பில் அழுகலைப் பரப்பும். ஏக்கருக்குச் சுமார் 600 முதல் 1000 கிலோ வரை விதை வேண்டும் இப்பயிரில் இது சிறு நஷ்டம் அன்று.

யந்திரம் இறங்குமுன் தழையைத் தரையொட்டி அறுத்து அகற்றுக. மண் இறுகியிருந்தால் லேசாக நீர் பாய்ச்சி, பதம் வந்தபின் தொடங்குக, சேறு கூடாது. இரண்டு மூன்று இடங்களில் கையால் தோண்டிக் கிழங்கின் அடியை அளந்து, கொழு அதற்குச் சற்றுக் கீழே செல்லுமாறு அமைக்க. மிக ஆழ்ந்தால் மண் சுமை கூடி டீசல் வீணாகும். முதல் பார் முடிந்ததும் நிறுத்தி, வெட்டுண்டவற்றைப் பார்த்து ஆழத்தைத் திருத்துக. பின்னரும், கிழங்கைப் பொறுக்கவும் மண்ணை உதறவும் ஆட்கள் வேண்டும் என்பதை மறத்தலாகாது.

இனி, சங்கத்தின் கடமை யாது? வாடகை ஏக்கர்க் கணக்கானால் ஓட்டுநர் விரைகிறார். மணிக் கணக்கானால் விவசாயி விரட்டுகிறார். முதல் பாரைச் சோதிக்கும் நேரத்தின் செலவைச் சங்கமே ஏற்குமாயின் இரு அவசரமும் தணியும். அதனினும் முக்கியமாக, ஒரே யந்திரத்தைப் பகிரும் அங்கத்தினர் யாவரும் ஒரே பார் இடைவெளியை ஏற்க வேண்டும். தனி ஒருவரால் ஆகாத இக்காரியம் சங்கத்தால் ஆகும். யந்திரம் வாங்கும் தீர்மானத்திற்கு முன்னர், பொதுக்குழுவில் இத்தீர்மானம் நிறைவேறட்டும்.