கனியுமுன் பறிப்பதா, காத்திருப்பதா?

"பறப்பதற்கு ஆசைப்பட்டு இருப்பதை இழக்காதே" என்று எச்சரித்த நம் முன்னோர்தாம், "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றும் சொல்லி வைத்தார்கள். இரண்டும் பொன்மொழிகளே. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் ஒருவனுக்கு உதவுவதில்லை. எந்த வேளைக்கு எது பொருந்தும் என்பதை அவரவர் அறிவே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தீர்மானம் எவ்வளவு கடினமானது என்பதற்குக் கால்பந்து உலகில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நல்ல சாட்சி. புனே வாழ் தமிழ்க் குடும்பங்களுக்கும் அதில் பாடம் உண்டு என்று கருதியே இங்கு அதனை எடுத்துக் கொள்கிறோம்.

இங்கிலாந்தில் லெஸ்டர் என்று ஒரு நகரம். 1972-ல் உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்ட இந்தியக் குடும்பங்கள் பல சென்று குடியேறி வாழ்வு கண்ட ஊர் அது. அவ்வூரின் கால்பந்துக் குழு 2014-15 பருவத்தின் பெரும்பகுதியில் பிரீமியர் லீகின் கடைசி இடத்தில் கிடந்து, இறுதியில் எப்படியோ கரையேறி, 14-ஆம் இடத்தைப் பிடித்தது. அடுத்த பருவத்தில் அக்குழு வாகை சூடும் என்று ஒருவன் பந்தயம் கட்டினால், ஒன்றுக்கு 5,000 மடங்கு தருவதாகப் பந்தய நிறுவனங்கள் அறிவித்தன. அது கணக்குப் பார்த்து இட்ட விலையன்று; நடவாத காரியத்துக்கு விளையாட்டாக எழுதி வைத்த எண் என்றே சொல்ல வேண்டும்.

நடவாதது நடந்தது. கிளாடியோ ரானியேரி என்னும் இத்தாலியப் பயிற்சியாளரின் கீழ் லெஸ்டர் குழு வாரந்தோறும் வென்றுகொண்டே வந்தது. 2016 மே 2-ஆம் நாள், அதனைத் துரத்தி வந்த டாட்டன்ஹாம் குழு செல்சியுடன் 2-2 என்று சமநிலையில் முடித்துக்கொள்ளவே, லெஸ்டரின் வாகை உறுதியாயிற்று. பருவ முடிவில் அக்குழு பெற்ற புள்ளிகள் 81. இரண்டாம் இடத்து ஆர்சனல் பெற்றவை 71.

நம் கவனத்துக்குரியது இந்த வெற்றியன்று. அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன் நடந்த ஒன்று. லெஸ்டரின்மீது 50 பவுண்டு கட்டியிருந்த ஓர் அன்பருக்கு நிறுவனம் ஓர் அழைப்பு விடுத்தது. "போட்டிகள் இன்னும் முடியவில்லை, முடிவு என்னவாகுமோ தெரியாது. இப்பொழுதே கணக்கைத் தீர்த்துக்கொள்வதானால் 72,000 பவுண்டுக்கு மேல் தருகிறோம்" என்பது அதன் சாரம். இதனைத்தான் பந்தயக்காரர் மொழியில் 'கேஷ் அவுட்' என்கிறார்கள். அவர் ஒப்புக்கொண்டு பணத்தைப் பெற்றார். பொறுத்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கக் கூடியது 2,50,000 பவுண்டு.

செய்தியைப் படித்தவர்கள் "ஐயோ பாவம்!" என்றார்கள். அவர் செய்தது தவறா என்பதை நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவது, முடிவை அறிந்த பின் தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. மழை பெய்த பிறகு, "நேற்றே குடை எடுத்திருக்க வேண்டும்" என்று சொல்ல ஞானம் வேண்டியதில்லை. அந்த அன்பர் முடிவெடுத்த நாளில் லெஸ்டர் வெல்லவும் கூடும், வீழவும் கூடும். நிறுவனம் தர முன்வந்த தொகை முழுப் பரிசில் ஏறத்தாழ 29 விழுக்காடு. லெஸ்டர் வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொண்டால், அந்தச் சீட்டின் நியாயமான மதிப்பு 83,000 பவுண்டுக்குச் சற்று மேல். ஆகவே அவர் ஏறத்தாழ 11,000 பவுண்டை விட்டுக்கொடுத்து, நிச்சயத்தை விலைக்கு வாங்கினார் என்று ஆகும். நிச்சயம் என்பது இலவசப் பொருளன்று. அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை தமக்குக் கட்டுபடியாகுமா என்பதுதான் அவர்முன் இருந்த கேள்வி.

இரண்டாவது, "போட்டது 50 பவுண்டுதானே, போனால் போகட்டும்" என்னும் வாதம் சரியன்று. 50 பவுண்டு என்றோ போய்விட்டது. அழைப்பு வந்த கணத்தில் அவர் கையில் இருந்தது 72,000 பவுண்டு. ஆகவே அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: "இன்று என் பெட்டியில் 72,000 பவுண்டு ரொக்கம் இருந்தால், அதனை முழுவதும் எடுத்துச் சென்று லெஸ்டரின்மீது கட்டுவேனா?" மாட்டேன் என்பது விடையானால், பணத்தைப் பெற்றுக்கொள்வதே முறை. பெற்றுக்கொள்ளாமல் இருப்பது, அந்தத் தொகையை மறுபடி ஒருமுறை பந்தயம் வைப்பதற்குச் சமம்.

மூன்றாவது, பணத்தின் பெறுமானம் எல்லார்க்கும் ஒன்றன்று. கோடீசுவரனுக்கு 72,000 பவுண்டும் இரண்டரை லட்சம் பவுண்டும் வெறும் எண்கள். வீட்டுக் கடனோடு மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் குடும்பஸ்தனுக்கோ முதல் 72,000 பவுண்டு கடனை அடைக்கும். தலைக்குமேல் கூரையை உறுதி செய்யும். அதற்கு மேல் வரும் தொகை வசதியைக் கூட்டும். ஆயினும் முதல் தொகை தந்த நிம்மதியை மும்மடங்காக்காது. இந்தக் கோணத்தில் பார்த்தால் அந்த அன்பர் அறிவீனர் அல்லர். ஒரு பகுதிக்கு மட்டும் பணம் பெற்று மீதியை ஓடவிட இடம் இருந்தால், அச்சத்துக்கும் ஆசைக்கும் நடுவே அதுவும் ஒரு வழி.

இவ்வளவும் சொன்ன பின், கணக்கின் மறுபக்கத்தையும் காட்டியாக வேண்டும். பந்தய நிறுவனம் தர்மசத்திரம் அன்று. சமபலமுள்ள இரு குழுக்களில் ஒன்றின்மீது ஒருவன் 100 ரூபாய் கட்டுகிறான் என்று கொள்வோம். வென்றால் 200 ரூபாய் கொடுப்பதே நியாயம். நிறுவனம் 190 ரூபாய்தான் கொடுக்கும். எனவே கட்டிய கணமே அவனுடைய 100 ரூபாய் 95 ஆகிவிட்டது. இடையில் விலக நினைத்தால், அந்த 95-லும் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு 90 ரூபாயை நீட்டும். உள்ளே நுழையவும் கூலி. வெளியே போகவும் கூலி. பெருந்தன்மையாகத் தோன்றும் அழைப்பின் உள்ளே இரண்டாம் சுங்கச்சாவடி ஒன்று ஒளிந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. லெஸ்டரின் கதையை நாம் அறிவோம். கடைசி இடத்துக் குழுக்களின்மீது ஆண்டுதோறும் பணம் கட்டி, அது திரும்பாமலே போனவர்களின் கதையை எந்தப் பத்திரிகையும் வெளியிடுவதில்லை. விளக்கில் விழாத பூச்சிகளைப் பற்றி யார் பேசுவார்கள் என்று கேட்கலாம். இங்கோ விழுந்த பூச்சிகளைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

அதிசயங்கள் நம் நாட்டுக் கால்பந்திலும் நிகழாமலில்லை. அதில் நம் புனேக்கும் ஒரு தொடர்பு உண்டு. 2015-16 ஐ-லீகில் கடைசி இடம் பெற்றது புனேயின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ். ஆனால் நேரடி அனுமதி பெற்ற குழு என்பதால் அதற்குக் கீழிறக்கத்திலிருந்து விலக்கு இருந்தது. அதற்கு ஒருபடி மேலே நின்ற மிஜோரத்தின் ஐஜால் குழுவே கீழிறக்கப்பட்டது. பின்னர்க் கோவாவின் குழுக்கள் சில போட்டியிலிருந்து விலகிக்கொள்ளவே, ஐஜால் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. அடுத்த பருவத்தில், காலித் ஜமீலின் பயிற்சியில், அதே ஐஜால் 37 புள்ளிகளுடன் வாகை சூடியது. பழம்பெரும் மோகன் பகான் பெற்றது 36. அவர்களை 'இந்தியாவின் லெஸ்டர்' என்று நாடே கொண்டாடியது. அந்த 2017 ஏப்ரல் 30-ஆம் நாளின் மகிழ்ச்சியை நுகர ஒரு ரூபாயும் பந்தயம் கட்ட வேண்டியிருக்கவில்லை என்பதை இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

ஏனெனில் நம் நாட்டில் இந்த வியாபாரத்துக்குச் சட்டம் இடந்தரவில்லை. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மழைக்காலந்தோறும் புனே மைதானத்தில் குதிரைகள் ஓடுவதை நாம் அறிவோம். கால்பந்தின்மீது பணம் கட்டுவதற்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. மகாராஷ்டிரத்தில் 1887-ஆம் ஆண்டின் பம்பாய்ச் சூதாட்டத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தமிழகத்திலோ, இணையச் சூதாட்டத்தால் கடன்பட்டோர் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்ட துயரச் செய்திகளுக்குப் பின், 2022-ல் சட்டமன்றம் தடைச்சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி அவற்றை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆடுபவனுக்குத் தண்டனை இல்லை. அவனைப் பாதிக்கப்பட்டவனாகவே அச்சட்டம் கருதுகிறது. ஆயினும் கடல்கடந்த நாட்டிலிருந்து கள்ளத்தனமாக இயங்கும் நிறுவனம் பணம் தர மறுத்தால், அவன் எந்த நீதிமன்றத்தின் படியேறுவான்? வென்ற சீட்டும் அங்கே வெறும் காகிதமே. 'கேஷ் அவுட்' செய்யலாமா என்று அவன் இரவெல்லாம் கண்விழித்து யோசிப்பது, கொடுக்கும் எண்ணமே இல்லாதவனிடம் எவ்வளவு வாங்கலாம் என்று யோசிப்பதாக முடியலாம்.

இடையில் விலகும் வாய்ப்பைப் பற்றி நம் இதிகாசம் சொல்வதைக் காட்டிலும் கூர்மையாக யாரும் சொல்லிவிடவில்லை. முதற் சூதில் தருமபுத்திரர் நாட்டையும் தம்பியரையும் தம்மையும் தேவியையும் இழந்தார். திரௌபதிக்கு வரமளித்த திருதராட்டிரன் இழந்ததெல்லாவற்றையும் திருப்பித் தந்தான். எந்தச் சூதாடிக்கும் கிட்டாத விடுதலை அது. ஆனால் மறுபடி அழைப்பு வந்ததும் அவர் திரும்பிச் சென்றார். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும் வந்து சேர்ந்தன. மீண்ட பணம் பெட்டிக்கு வருகிறதா, அடுத்த ஆட்டத்துக்குப் போகிறதா என்பதே உண்மையான சோதனை. பாதியில் தீர்த்துக்கொண்ட தொகை மறுநாளே வேறொரு பந்தயத்தில் கரைந்தால், விலகியதாக எண்ணியது வெறும் மயக்கம்.

காலத்துக்கு முன் பணம் பெறுவதில் இழப்பு உண்டு என்பதை நம் பெண்மக்கள் எந்தக் கணித நூலும் படியாமலே அறிவார்கள். ஏலச்சீட்டு அதனைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. மாதம் 5,000 ரூபாய் வீதம் இருபது பேர் கூடிய ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டில், அவசரமுள்ளவர் 25,000 ரூபாய் தள்ளி 75,000 ரூபாய்க்கு எடுக்கிறார். நடத்துபவரின் தரகு 5,000 போக, மீதி 20,000 ரூபாய் ஆளுக்கு ஆயிரமாக இருபது பேருக்கும் திரும்புகிறது. முன்கூட்டி எடுத்தவர் இழந்ததில் பெரும்பகுதி அண்டை வீட்டாரிடமே தங்குகிறது. பதிவு பெற்ற சீட்டில் தரகு 7 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று சட்டமும் வரம்பிட்டிருக்கிறது. பந்தயத்தில் முன்கூட்டி விலகியவன் இழந்ததோ முகம் தெரியாத ஒருவனின் கல்லாவுக்குப் போகிறது. சீட்டிலும் ஏமாற்று உண்டு. பதிவைப் பார்த்தே சேர வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் வேரூன்றிய பழங்குடும்பங்களாயினும், பிம்பிரி-சிஞ்ச்வடுக்கும் ஹிஞ்ஜவடிக்கும் புதிதாக வேலைதேடி வந்த இளைஞர்களாயினும், ஊரைவிட்டு வந்தவர்க்கு ஒரு குறை பொது. திடீரென்று ஒரு முடை வந்தால் தோள்கொடுக்கச் சுற்றத்தார் அருகில் இல்லை. அதனாலேயே ஒரே எட்டில் மேலேறிவிடும் ஆசையும் மிகுதி. விழுந்தால் படும் அடியும் மிகுதி. ஆகவே பெற்றோர்க்கு நாம் சொல்ல விரும்புவது: பிள்ளையின் கைப்பேசியில் இத்தகைய கணக்கு இருப்பது தெரியவந்தால், முதலில் வைவதை நிறுத்துங்கள். எவ்வளவு போயிற்று, எவரிடம் கடன் பட்டிருக்கிறது என்று உட்கார்ந்து எழுதுங்கள். மறைக்கப்பட்ட கடனே மேன்மேலும் பந்தயம் கட்டத் தூண்டும்.

இளைஞர்க்குச் சொல்ல விரும்புவது: ஏற்கெனவே அதில் சிக்கியிருந்தால், கிடைக்கும் தொகை எவ்வளவாயினும் எடுத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுங்கள். நியாய விலைக்கு இரண்டு ரூபாய் குறைந்தது என்று வருந்த வேண்டா. சிக்காதவர்கள் அந்த 72,000 பவுண்டுக் கேள்வியை மட்டும் கற்று வைத்துக் கொள்ளுங்கள். பங்குப் பத்திரம் விலையேறி நிற்கும்போதும், ஊரிலுள்ள மனைக்கு ஒருவர் விலை கேட்கும்போதும் அதே கேள்வி உதவும்: "இது இன்று ரொக்கமாக என் கையில் இருந்தால், இதையே மறுபடி வாங்குவேனா?" நேர்மையாக விடை சொல்லத் தெரிந்தவர்களுக்குப் பறிக்க வேண்டிய வேளையும் தெரியும், பொறுக்க வேண்டிய வேளையும் தெரியும்.