பசையில் தொங்கும் உயிர்!
70 வளைவு கொல்லிமலையில் ஏறும் இரும்பு–கார்பன் சைக்கிள்

கொல்லிமலை:

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். லாரியே முக்கி முனகி ஏறும் பாதை. இதில் சைக்கிளை மிதித்து ஏறவும் ஒரு கூட்டம் வருகிறது!

மலை ஏறுகிறவர்களுக்கு முதல் எதிரி எடை. அதனால் பிறந்த யோசனைதான் இரும்பு ஃபிரேமுக்குள் கார்பன் ஃபைபர் குழாயை ஒட்டுவது. மூட்டுகள் இரும்பு, நடுக்குழாய்கள் கார்பன். ஒரே அளவு துண்டை எடுத்தால் கார்பன், இரும்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான்.

‘பசையாவது, சைக்கிளாவது!’ என்று சிரிக்க வேண்டாம். 1986-ல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் ஜெயித்த அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்டின் சைக்கிளில், கார்பன் குழாய்கள் அலுமினிய மூட்டுகளில் ஒட்டப்பட்டிருந்தன. நம்ம ஊரில், 1949-ல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம், 2011-ல் மோன்ட்ரா என்ற பெயரில் கார்பன் ஃபிரேம் சைக்கிள்களைக் கொண்டுவந்தது.

நெருப்பு முதலில், பசை பிறகு!

பட்டறையில் வரிசை மாறினால் போச்சு. வெள்ளி ஒட்டுக்கு 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பித்தளை ஒட்டுக்கு சுமார் 900 டிகிரி. பவுடர் பெயின்ட் அடுப்புக்கோ 180 முதல் 200 டிகிரி. எபாக்சி பசை வகைகளில் பல 100 டிகிரியை ஒட்டியே தளர்ந்துவிடும். அதனால் ஒட்டு வேலை, பெயின்ட் எல்லாம் முடிந்த பிறகே கார்பன் குழாயைச் சொருக வேண்டும்.

இரும்பின் உள்பக்கத்தையும் கார்பனின் வெளிப்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைக்க வேண்டும். விரல் பட்ட எண்ணெய்ப் பசை கூட ஆகாது. இடைவெளி ஒன்றிரண்டு முடி கனம் போதும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் சொருகும்போதே பசை வழிந்து வெளியே வந்துவிடும். குழாய்க்குள் சிக்கும் காற்று வெளியேற ஒரு சிறு துளையும் அவசியம். தேய்க்கும்போது பறக்கும் கார்பன் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மூக்கை மூடாமல் வேலை செய்யக்கூடாது.

மூடுபனியும் ஒரு வில்லன்!

கார்பனில் மின்சாரம் பாயும். அது இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க, மழையோ வியர்வையோ சேர்ந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். அடிக்கடி மூடுபனி சூழும் கொல்லிமலையில் இது சாதாரண விஷயம் இல்லை. நடுவில் மெல்லிய கண்ணாடி நார் அடுக்கை வைத்து ஒட்டினால் இரண்டும் தொடாது.

எச்சரிக்கை!

இரும்பு பெரும்பாலும் வளைந்து, விரிசல் விட்டு, ஆபத்தைக் காட்டிக் கொடுக்கும். பசை விட்டால் வெளியே எளிதில் தெரியாது. அதுவும் இறக்கத்தில், வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கும்போது முன்பக்க மூட்டுதான் பெரும் சுமை தாங்குகிறது. அங்கே விட்டால் கதை கந்தல்!

இறங்கும் முன் சோளக்காட்டில் வண்டியை நிறுத்திப் பார்க்கவும். முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை முன்னும் பின்னும் ஆட்டினால் ‘கிறீச்’ சத்தம் வருகிறதா? மூட்டு ஓரத்தில் பெயின்ட் கோடு போல வெடித்திருக்கிறதா? குழாய் மூட்டில் திரும்புகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் சைக்கிளைப் பஸ்ஸிலோ வேனிலோ ஏற்றிக் கீழே கொண்டுவருவதே புத்திசாலித்தனம்.

மிச்சமாவது சில நூறு கிராம். பணயம் வைப்பதோ உயிர்!