தோலும் தந்தியும்



பசறை, நமுனுகுலை, தெமோதரை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் தப்படிப்போரைக் கவனித்தவர்கள் ஒன்றை அறிவார்கள். வாத்தியத்தைக் கையில் எடுத்தவுடன் அவர்கள் அடிக்கத் தொடங்குவதில்லை. கிடைத்த சருகையும் மிலாறையும் கொளுத்தி, அந்த அனலிலே தோலைக் காட்டிக் காட்டி, விரலாற் சுண்டிப் பார்ப்பார்கள். சோர்ந்து ஒலித்த தோல் சிறிது நேரத்தில் 'டண்' என்று நிமிர்ந்து ஒலிக்கும். இதனைச் சடங்கென்று கருதுவோரும் உளர். உண்மையில் இது சுருதி கூட்டும் முறையேயாகும்.

தப்பின் வட்டச் சட்டத்தில் தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவது பழைய வழக்கம். மிருதங்கத்தைப்போல வாரை இறுக்கிச் சுருதி ஏற்றும் வசதி இதற்கில்லை. தோலோ காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தளரும் இயல்புடையது. ஆண்டிறுதியில் வடகீழ்ப் பருவக்காற்று ஊவாவை நனைத்துவிடுகிறது. ஆடி, ஆவணியில் வறண்ட காற்று வீசுகிறது. ஊவாத் தேயிலைக்குத் தனிமணம் தருவது அக்காற்றே என்பர். தப்புக்கும் அதுவே நல்ல காலம். அனலில் ஈரம் அகன்றதும் தோல் சுருங்க முயல்கிறது. சட்டம் அதனை விடாது பற்றியிருப்பதால் இழுவிசை மிகுகிறது, சுருதி ஏறுகிறது. சூடு அளவு மீறினால் தோல் கிழிந்துவிடும். எப்போது நிறுத்துவது என்பதை அடிப்பவரின் செவிதான் சொல்லும்.

இதே இழுவிசையோடு மல்லுக்கட்டிய இன்னொரு வாத்தியம் மின்சாரக் கிற்றார். நமது வீணையில் குதிரை அசையாது நிற்கும். வைணிகர் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்புவார். அமெரிக்கரான லியோ பெண்டரின் நிறுவனம் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டர் என்னும் கிற்றாரிலோ குதிரையே அசைந்தாடியது. முன்புறம் ஆறு தந்திகள் அதனை இழுக்கின்றன. உடலின் பின்புறக் குழியிலுள்ள சுருள்வில்கள் எதிர்த்து இழுக்கின்றன. இரண்டும் சமமானால் குதிரை நிலைகொள்ளும். அதிற் பொருத்திய கைப்பிடியை அழுத்தினால் குதிரை சாயும், தந்திகள் தளரும், சுருதி வழுக்கி இறங்கும். இழுவிசை நாலிலொரு பங்காகக் குறைந்தால் சுருதி ஒரு முழு ஸ்தாயி இறங்கிவிடும் என்பது இயற்பியல் விதி. இந்த அமைப்புக்கு 'டிரெமலோ' என்று பெயரிட்டதுதான் பிழை. அச்சொல் ஒலியின் வலிமை ஏறி இறங்குவதையே குறிக்கும். பிழையான பெயரே நிலைத்துவிட்டது.

இறங்கிய சுருதி பழைய இடத்துக்குத் திரும்புவதிற்றான் சங்கடம். கழுத்தின் தலைப்பிலுள்ள பள்ளங்களில் தந்தி உராய்ந்து சிக்கிக்கொள்ளும். பிருடையிற் சுற்றிய பகுதியும் நழுவும். 1978இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட வான் ஹேலன் குழுவின் கலைஞர் எடி வான் ஹேலன் அப்பள்ளங்களில் எண்ணெய் இட்டுச் சமாளித்தார். புளொயிட் றோஸ் என்பவர் வேறு வழி கண்டார். தந்தியின் இரு முனைகளையும் கிடுக்கிபோல் இறுகப் பூட்டிவிட்டால் நழுவ இடமேது? இதற்கு 1979இல் அவர் காப்புரிமை பெற்றார்.

வான் ஹேலன் இப்புதிய குதிரையை ஏற்றபின்னும் அதனை அந்தரத்தில் ஆடவிடவில்லை. ஆடும் குதிரையில் ஒரு தந்தி அறுந்தால் சுருள்வில்களின் கை ஓங்கி, எஞ்சிய தந்திகள் யாவும் சுருதி ஏறிவிடும். ஆகவே அவர் குதிரையைக் கிற்றாரின் உடலோடு படியவைத்தார். அது பின்சாயாதிருக்க, 1971ஆம் ஆண்டு முத்திரையிட்ட இருபத்தைந்து சத நாணயமொன்றைக் கீழே திருகாணியால் முடுக்கினார். இனிக் கைப்பிடியால் சுருதியை இறக்கலாம், ஏற்ற முடியாது. பாதி அசைவைக் கொடுத்து நிலைபேற்றை வாங்கிய பண்டமாற்று அது. பிற்காலத்தில் அடித்தந்தியை மட்டும் ஒரு சுரம் இறக்கும் சிறு கருவியொன்றை அவர் பயன்படுத்தினார். குதிரை உடலோடு படிந்திருந்ததனாலேயே மற்றத் தந்திகள் கலையாமல் அது வேலை செய்தது.

தப்பிலும் இன்று அத்தகைய பண்டமாற்று நிகழ்ந்து வருகிறது. தோலுக்குப் பதிலாகச் செயற்கைத் தகடும், மரத்துக்குப் பதிலாகத் திருகாணி பூட்டிய உலோக வளையமும் வந்துள்ளன. மழையானாலும் பனியானாலும் சுருதி இறங்காது; நெருப்பும் வேண்டியதில்லை. ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆளழைக்கவும், மரண வீட்டிலும் ஒலித்த வாத்தியம் இது. அடித்தவரைத் தாழ்வாக எண்ணிய காலமும் இருந்தது. இன்று அதனை இளைஞர் பெருமையோடு மேடையேற்றுகின்றனர். கொட்டும் மழையில் மலையேறி வருபவர் செயற்கைத் தப்பை நாடினால், அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனாற் கிற்றார்க் கலைஞர் தாம் எதைக் கொடுத்தோம் என்பதைக் கணக்கிட்டே கொடுத்தார். நாமோ தோலின் கார்வையோடு, அனலில் அதைப் பதம் பார்க்கும் செவியையும் கணக்கின்றியே கொடுத்துவருகிறோம். அச்செவி முதியோர் சிலரிடம் இன்னும் இருக்கிறது.

காமன் கூத்துக்கேனும் தோல் தப்பை எடுக்கலாம். கூத்துத் தொடங்கும் மாசியில் ஊவாவில் மழை குறைவு. மிலாறும் எளிதிற் பற்றிக்கொள்ளும்.