அறிவியல் குழுவில் சண்டை வராமல் காப்பது எப்படி?

கல்லூரி நண்பர்களுடன் சேர்ந்து டெலிகிராமில் ஒரு வானியல் குழுவை நடத்தி வருகிறேன். நிலவில் பகலிலும் வானம் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று ஒருநாள் ஒரு பள்ளி மாணவன் கேட்டான். அங்கே காற்று மண்டலம் இல்லை, அதனால் சூரிய ஒளி சிதறுவதில்லை. பதில் அவ்வளவுதான். ஆனால் முதலில் வந்தது, "இதுகூடத் தெரியாதா?" என்ற கேலி. அதை ஒருவர் கண்டிக்க, அவரை இன்னொருவர் கண்டிக்க, சுமார் 40 மெசேஜ்கள் ஓடிவிட்டன. மாலையில் நான் பார்த்தபோது மாணவன் குழுவிலிருந்து விலகியிருந்தான். சரியான பதிலை ஒருவரும் எழுதவில்லை.

"மரியாதையாக எழுதவும்" என்று குழுவின் அறிமுகத்தில் முன்பே எழுதியிருந்தேன். வேண்டுகோள் மட்டும் போதாது என்று அன்றுதான் புரிந்தது. இந்தச் சிக்கலை நமக்கு வெகு காலம் முன்பே சந்தித்தவர்கள் யூஸ்நெட் பயனாளர்கள்.

யூஸ்நெட் தரும் பாடம்

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979-ல் திட்டமிட்டு, 1980-ல் செயல்பாட்டுக்கு வந்தது யூஸ்நெட். இதில் தலைப்பு வாரியாக நியூஸ்குரூப்கள் உண்டு. சை.பிசிக்ஸ் என்ற இயற்பியல் குழுவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். எனவே ஐன்ஸ்டீன் சொன்னது தவறு என்று வாதிடுபவர்களும், அவர்களோடு சண்டை போடுபவர்களும் அங்கே நிறைந்தார்கள்.

இதற்கு மாற்றாக 1993-ல் வந்தது சை.பிசிக்ஸ்.ரிசர்ச். இது மாடரேட்டர்கள் உள்ள குழு. நீங்கள் அனுப்பும் கட்டுரை நேரடியாகக் குழுவில் தோன்றாது. நியூஸ் சர்வர் அதை மாடரேட்டரின் இமெயிலுக்கு அனுப்பும். அவர் படித்து ஏற்றால், 'அப்ரூவ்டு' என்ற வரியைத் தலைப்பகுதியில் சேர்த்து வெளியிடுவார். அந்த வரி இல்லாததை சர்வர் குழுவில் சேர்க்காது. அதாவது, சண்டை தொடங்கிய பின் விலக்குவதற்குப் பதில் வாசலிலேயே நிறுத்துகிறார்கள்.

மாடரேட்டர்களில் ஒருவரான கணித இயற்பியலாளர் ஜான் பேஸ், வேடிக்கையாக ஒரு மதிப்பெண் பட்டியலே தயாரித்தார். முழுதும் பெரிய எழுத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் 5, தன்னைக் கலிலியோவுடன் ஒப்பிட்டால் 40, புரட்சிகரமான கொள்கை என்று சொல்லிவிட்டு சோதித்துப் பார்க்கக்கூடிய கணிப்பு எதையும் தராவிட்டால் 50! எழுதியவர் யார், என்ன பட்டம் பெற்றவர் என்று பட்டியல் கேட்பதில்லை. எழுதிய விதத்தைத்தான் பார்க்கிறது.

இந்த முறையில் குறையும் உண்டு. பதில் வரத் தாமதமாகும். மாடரேட்டரும் மனிதர்தான், நல்ல கேள்வியையும் தவறாக நிறுத்திவிடலாம். எனவே நிறுத்தினால் காரணத்தை எழுதியவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நமது குழுவில் செய்யக்கூடியவை

1. டெலிகிராமில் குழுவின் எடிட் பகுதியில் பெர்மிஷன்ஸ் சென்று ஸ்லோ மோடை இயக்கவும். ஒருவர் அடுத்த மெசேஜ் அனுப்ப 1 மணி நேரம் வரை காத்திருக்கும்படி அமைக்கலாம். கோபம் ஆற அதுவே போதும்.

2. டாபிக்ஸ் வசதியை இயக்கி, அரட்டைக்குத் தனி இடம் கொடுக்கவும். தடை செய்தால் அரட்டை மற்ற இடங்களில் நுழையும்.

3. அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதி, பின் செய்து வைக்கவும். யூஸ்நெட் இயற்பியல் குழுக்களும் இப்படி ஒரு தொகுப்பை வைத்திருந்தன.

4. கேலி மெசேஜை உடனே நீக்கவும். காரணத்தைக் குழுவில் அல்லாமல், எழுதியவருக்குத் தனியாகச் சொல்லவும். பலர் முன் சொன்னால் அதுவே அடுத்த சண்டை.

இந்த நான்கையும் நான் செய்த பின் எங்கள் குழுவில் விவாதம் குறையவில்லை, சண்டை குறைந்தது. அந்த மாணவனுக்குப் பதிலைத் தனியாக அனுப்பினேன். நன்றி சொன்னான். ஆனால் குழுவுக்குத் திரும்பவில்லை. நீங்கள் ஒரு குழு தொடங்கினால், முதல் உறுப்பினரைச் சேர்க்கும் முன்பே இவற்றைச் செய்துவிடுங்கள்.