வால்வின் வெம்மை

வால்வு பொருத்திய பெருக்கியில் இசைத்தட்டுக் கேட்கும் வழக்கம் உலகினின்றும் மறைந்துவிடவில்லை. 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் தோன்றியது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுள் வானொலிப் பெட்டிகளிலும் பெருக்கிகளிலும் வால்வு இருந்த இடத்தை அது பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஆயினும், வால்வு தரும் ஓசையில் மனம் பற்றியவர்கள் பழைய கருவிகளைப் பேணி வருகின்றனர்; புதியனவும் செய்யப்படுகின்றன. சுலோவாக்கியா, உருசியா, சீனா ஆகிய நாடுகளில் வால்வுகள் இன்றும் உற்பத்தியாகின்றன.

இத்தகைய கருவியொன்றை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்த ஒருவர், அரை மணி நேரம் இசை கேட்டபின் அதன் மேற்றகட்டைத் தொட்டுப் பார்க்கிறார். சூடு தெரிகிறது. உடனே ஐயங்கள் எழுகின்றன. இவ்வளவு வெப்பம் கருவிக்கு ஆகுமா? எத்தனை காலம் இது பழுதின்றி உழைக்கும்? வீட்டுக்கு ஏதும் தீங்கு நேருமா? நியாயமான இவ்வினாக்களுக்கு இன்று விடை காண முயல்வோம். எனது துறை கலைத்துறை. ஆகவே, கணக்கைக் குறைத்துக் காரணத்தை விளக்குவதையே நோக்கமாகக் கொள்கிறேன்.

முதலில் முன்பெருக்கி என்பது யாதெனக் காண்போம். இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசி எழுப்பும் மின்னழுத்தம் மிகச் சிறியது. ஓர் உவோற்றின் ஆயிரத்தில் சில பங்கே அது. அதனை ஏறத்தாழ ஓர் உவோற்று அளவுக்கு உயர்த்தி, தாழ்ந்த சுருதியையும் உயர்ந்த சுருதியையும் சமன்செய்து, அடுத்துள்ள வலுப்பெருக்கியிடம் ஒப்படைப்பதே முன்பெருக்கியின் தொழில். ஒலிபெருக்கியை இயக்கும் பாரமான வேலை வலுப்பெருக்கியைச் சேர்ந்தது. ஆகவே, முன்பெருக்கியின் வால்வுகள் சிறியவை. அவற்றினூடாகச் செல்லும் மின்னோட்டமும் மிகச் சிறிது.

அப்படியாயின், சூடு எங்கிருந்து வருகிறது? வால்வின் உயிரே வெப்பந்தான். காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழினுள் கதோட்டு என்னும் சிறு குழல் ஒன்று உண்டு. நிக்கலால் ஆன அக்குழலின்மேல் பேரியம், துரந்தியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுக்கள் பூசப்பட்டிருக்கும். உள்ளே உள்ள இழை அதனை எழுநூறு, எண்ணூறு பாகை வரை சூடாக்கினாற்றான் பூச்சிலிருந்து இலத்திரன்கள் விடுபட்டு வெளியேறும். இந்நிகழ்ச்சியைப் பயன்படுத்தி 1904இல் இங்கிலாந்தில் பிளெமிங் என்பவர் இருமுனை வால்வை ஆக்கினார். 1906இல் அமெரிக்கரான லீ டி பொரஸ்ற் அதனுள் மூன்றாவது முனையாக நெய்யரியைச் சேர்த்தார். பெருக்கும் தொழில் அதன் பின்னரே கைகூடியது. ஆகவே, குளிர்ந்த வால்வு வேலை செய்யாத வால்வு. சூடு அதன் நோயன்று, அதன் இயல்பு.

எவ்வளவு சூடு என்பதையும் அளந்து பார்க்கலாம். வீட்டு முன்பெருக்கிகளில் மிகுதியாக வழங்குவது ஐரோப்பியர் ஈ.சி.சி. 83 என்றும், அமெரிக்கர் 12 ஏ.எக்ஸ். 7 என்றும் அழைக்கும் வால்வு. அதன் இழை 6.3 உவோற்றில் 0.3 அம்பியர் மின்னோட்டத்தை ஏற்கும். அதாவது ஏறத்தாழ 1.9 வாற்று. இசையைப் பெருக்கும் பகுதிகள் இரண்டும் சேர்ந்து செலவிடுவது அரை வாற்றுக்குச் சற்று மேல். ஆக, வால்வொன்றுக்கு இரண்டரை வாற்று எனக் கொள்ளலாம். 1958இல் நியூயோர்க்கில் வெளிவந்த மராண்ட்ஸ் 7 என்னும் புகழ்பெற்ற முன்பெருக்கியில் இத்தகைய வால்வுகள் ஆறு இருந்தன. ஆறும் சேர்ந்து வெளியிடும் வெப்பம் பதினைந்து வாற்று; ஒரு சிறிய இரவு விளக்கின் அளவே. ஈ.சி.சி. 88 போன்ற வால்வுகள் கூடிய மின்னோட்டத்தில் இயங்குவதால் இதனிலும் இருமடங்கு சூடாகலாம். வலுப்பெருக்கியில் வரும் ஈ.எல். 34 என்னும் வால்வோடு ஒப்பிட்டால் இவை யாவும் சிறு பிள்ளைகள். அதன் இழை மட்டுமே ஒன்பதரை வாற்றை உண்ணும். அதன் அனோட்டு இருபத்தைந்து வாற்று வரை தாங்கும்.

இரவு விளக்கின் சூட்டுக்கு அஞ்சுவானேன் என்று கேட்கலாம். இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய செய்தி உளது. நமது சமையலறையை எண்ணிப் பாருங்கள். அடுப்பு நெருப்புக்கென்றே அமைந்தது. நெருப்பால் அதற்குக் கேடில்லை. கேடு வருவது அடுப்பின்மேல் தாழ்வாக வேய்ந்த கிடுகுக் கூரைக்கே. முன்பெருக்கியிலும் நிலை இதுதான். வால்வு அடுப்பு, அதனைச் சூழ்ந்திருக்கும் ஒடுக்கிகளும் தடைகளும் கூரை. வெப்பத்தால் முதலில் நலிவன அவையே.

வால்வு எத்துணை நெடிது உழைக்கக்கூடியது என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். 1956இல் ஸ்கொத்லாந்துக்கும் நியூபவுண்லாந்துக்கும் இடையே அத்திலாந்திக் கடலடியில் முதலாவது தொலைபேசி வடம் இடப்பட்டது. அதன் வழியிடைப் பெருக்கிகளில் 306 வால்வுகள் அமைந்திருந்தன. ஆழ்கடலில் கிடப்பதை நினைத்த போதெல்லாம் எடுத்து மாற்ற இயலாதன்றோ? ஆகவே, மிகுந்த கவனத்தோடு அவற்றைச் செய்து, அளவுக்கு மீறிய வேலை வாங்காது இயக்கினர். அந்த வடம் 1978 வரை சேவையில் இருந்தது. உள்ளே கதோட்டு தகித்தது. வெளியே கடல்நீர் குளிர்ந்திருந்தது. மென்மையான வேலையும் குளிர்ந்த சூழலும் வாய்த்தால் வால்வு நெடுங்காலம் வாழும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

வால்வுக்குக் கடினமான நேரம் ஆளியைத் திருப்பும் கணமாகும். குளிர்ந்த இழையின் தடை குறைவாதலால், முதற் கணத்தில் மின்னோட்டம் பன்மடங்காகப் பாய்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஏறத்தாழ 1,600 வால்வுகள் கொண்ட கொலோசஸ் என்னும் கணிப்பொறியை ஆக்கிய பிரித்தானியப் பொறியியலாளர் ரொமி பிளவர்ஸ் இதனை நன்கு அறிந்தவர். வால்வுகளை அணைக்காது தொடர்ந்து இயக்கினால் அவை நம்பத்தக்கவை என்று அவர் வாதித்து, அதனை மெய்ப்பித்தும் காட்டினார். வீட்டுக் கருவியை இரவுபகலாக எரியவிட வேண்டுமென்பது இதன் கருத்தன்று. அவ்வாறு செய்தால் வால்வின் ஆயுளும் மின்சாரமும் வீணாகும். ஒரு மாலைப்பொழுதில் பத்து முறை ஏற்றி அணைக்காது, ஒரு முறை ஏற்றி ஒரு முறை அணைத்தல் நன்று.

இனி, கூரையாகிய ஒடுக்கிகளைப் பார்ப்போம். மின்னூட்டும் பகுதியில் உள்ள மின்பகுப்பு ஒடுக்கிகளுள் ஈரமான ஒரு திரவம் உண்டு. வெப்பம் மிகுந்தால் அது மெல்ல மெல்ல உலர்ந்துபோகும். வெப்பநிலை பத்துப் பாகை உயரும்போது ஒடுக்கியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொது விதி. 85 பாகையில் 2,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்ட ஒடுக்கியொன்றை எடுத்துக்கொள்வோம். அது 65 பாகையில் 8,000 மணி நேரமும், 55 பாகையில் 16,000 மணி நேரமும் உழைக்கும் என எதிர்பார்க்கலாம்.

இவ்விதி நமக்கு நேரே உரியது. பழைய முன்பெருக்கிகளுட் பெரும்பாலானவை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள குளிர்ந்த அறைகளை எண்ணிச் செய்யப்பட்டவை. இருபது பாகை அறையில் ஒடுக்கி 55 பாகையில் இருக்குமாயின், கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ முப்பது பாகை அறையில் அது 65 பாகையில் இருக்கும். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் கேட்போர்க்கு, அங்கே பதினான்கு ஆண்டு உழைக்கக்கூடியது இங்கே ஏழு ஆண்டில் தளரும். அழகுக்காக மேலே துணி விரித்துக் காற்றுவழியை அடைத்து மேலும் பத்துப் பாகை ஏற்றினால், மூன்றரை ஆண்டே எஞ்சும். துணி ஒன்றுக்கு நாம் கொடுக்கும் விலை இது.

ஏனைய உறுப்புக்களைச் சுருக்கமாகக் கூறலாம். பழைய கரித்தடைகள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் தம் அளவில் மாறுபட்டு, இரைச்சலையும் தரும். ஒரு வால்வையும் அடுத்ததையும் இணைக்கும் பழைய காகித ஒடுக்கிகள் மின்னைக் கசியவிடும். அக்கசிவு அடுத்த வால்வின் நெய்யரியைச் சென்றடைந்து, அதனை வேண்டாத வேலைக்கு உந்தும். வால்வைத் தாங்கும் குழிகளில் களிம்பு ஏறித் தொடுகை தளரும். “வால்வு கெட்டுவிட்டது” என்று மாற்றப்பட்ட வால்வுகளுட் பல உண்மையில் நல்லனவாக இருந்திருக்கும்.

இழைக்கு மின்னூட்டும் பகுதியிலும் கருத்து வேண்டும். இரைச்சலைக் குறைப்பதற்காக அக்காலத்து அமெரிக்க முன்பெருக்கிகள் பல இழைகளுக்கு நேரோட்டம் ஊட்டின. அதற்குச் செலனியச் சீராக்கியைப் பயன்படுத்தின. அது முதிர்ந்து எரியுமாயின், அருவருப்பான நாற்றத்தோடு நச்சுப் புகை எழும். அதனை எடுத்துவிட்டுச் சிலிக்கன் சீராக்கி இடுவோர் ஒன்றை மறத்தலாகாது: சிலிக்கனில் அழுத்த இழப்புக் குறைவு, ஆதலால் இழைக்குச் செல்லும் அழுத்தம் உயரும். ஏற்ற தடையொன்றைச் சேர்க்காவிட்டால் வால்வுகள் அளவுமீறிச் சூடாகும். இக்காலத்துப் புதிய கருவிகளிலோ அழுத்தத்தைச் சீர்செய்யும் உறுப்பே சுடுவதுண்டு. நான்கு வால்வுகளுக்கு 1.2 அம்பியர் கொடுத்து, ஒன்பது உவோற்றை 6.3 உவோற்றாகக் குறைக்கும் உறுப்பு மூன்று வாற்றுக்கு மேல் வெப்பம் விடும். அது ஒரு வால்வின் சூட்டிலும் அதிகம். போதிய உலோகத் தகட்டில் பொருத்தப்படாவிட்டால் முதலில் வீழ்வது அதுவே.

அக்காலத்து ஆங்கிலேய உற்பத்தியாளர் இவ்வெப்பத்தை எவ்வாறு எதிர்கொண்டனர்? பீற்றர் உவோக்கர் நிறுவி, ஹன்ரிங்டன் நகரில் இயங்கிய நிறுவனத்தின் குவாட் கருவிகளில், நிலைமாற்றியும் சீராக்கியும் வலுப்பெருக்கியோடு தொலைவில் இருக்க, முன்பெருக்கி ஒரு வடத்தின் வழியாக மின்னைப் பெற்றது. அதனால் இரைச்சலும் வெப்பமும் ஒருங்கே குறைந்தன. இவ்வறிவு நமக்கும் வழிகாட்டும். முன்பெருக்கியை வலுப்பெருக்கியின் மேல் அடுக்கி வைத்தலாகாது. கீழே காற்றுப் புகவும் மேலே வெளியேறவும் வழி வேண்டும். புகைபோக்கியின் தத்துவமும் இதுவே. மூடிய அலுமாரியில் வைப்போர் அதன் பின்புறத்தையேனும் திறந்துவிடுதல் வேண்டும். அமெரிக்காவில் 117 உவோற்றுக்கெனச் செய்த கருவியை நமது 230 உவோற்று மின்னில் நேரே இணைத்தல் ஒருபோதும் ஆகாது. ஏற்ற நிலைமாற்றி அவசியம்.

இயல்பான சூட்டையும் இயல்பற்ற சூட்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? வால்வின் கண்ணாடி கை வைக்க முடியாதபடி சுடுதல் இயல்பு. ஆளியிட்டவுடன் சில வால்வுகளின் இழை ஒரு கணம் பளிச்சிட்டு அடங்குவதும் இயல்பே. பெட்டியின் வெளித்தகட்டிலோ கையைச் சற்று நேரம் வைத்திருக்க இயலவேண்டும். எரிந்த நாற்றம், உப்பிய ஒடுக்கி, நாளுக்கு நாள் கூடும் முரல், சிவந்து தோன்றும் அனோட்டுத் தகடு ஆகியவை எச்சரிக்கைகள். வால்வின் உச்சியிலுள்ள வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டதென அறிக. இவற்றுள் யாதாயினும் தோன்றினால் மின்னைத் துண்டித்து, தேர்ந்த தொழினுட்பவியலாளரை அழைத்தல் வேண்டும். மூடியைத் தாமே திறந்து பார்க்க எவரும் துணியலாகாது. இருநூற்றைம்பது, முந்நூறு உவோற்று மின் அங்கே உண்டு. ஆளியை அணைத்த பின்னரும் ஒடுக்கிகளில் அது தங்கியிருந்து உயிருக்கு ஊறு செய்யும்.

ஆண்டுக்கணக்காக உறங்கிய பழைய கருவியைப் பெற்றோர், அதனை உடனே மின்னில் இணைத்து மகிழ விரும்புவர். அவ்விருப்பத்தை ஒரு வாரம் ஒத்திவைத்து, ஒடுக்கிகளையும் சீராக்கியையும் முதலிற் சோதிப்பித்தல் நன்று. அதன்பின் அச்சமின்றி இசை கேட்கலாம். வால்வு சுடட்டும், அது அதன் தொழில். அச்சூடு தங்காது வெளியேற வழிவிடுவது நமது கடமை. இவ்வொன்றைச் செய்தால், தந்தை பேணிய கருவி மகனுக்கும் பாடும்.